உஷார்: ஒரு சொல் நம் வாய்க்கு வந்த கதை

(காட்சி: சந்தையில் ஒரு தேங்காய்க் கடை)

ஒரு அம்மா தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார். தண்ணீர் சத்தம் சரியில்லை. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து, நகத்தால் தட்டுகிறார். நாலாவது காய்தான் பையில் விழுகிறது. அவர் போனதும் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம், "செம உஷார் பார்ட்டிப்பா!" என்கிறார்.

அதில் பாராட்டும் உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. ‘புத்திசாலி’ என்ற சொல்லில் இந்த ருசி கிடைக்காது. எனக்கு இந்தச் சொல் மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

(திரையில்: ஹோஷ் + யார்)

ஊர் பாரசீகம். ‘ஹோஷ்’ என்றால் புத்தி, சுயநினைவு. ‘யார்’ என்ற விகுதி சேர்ந்தால் ஹோஷியார்: புத்தியோடு விழித்திருப்பவர். பாதுஷா வரும்போது கட்டியக்காரர் "பா அதப், பா முலாஹிஸா, ஹோஷியார்!" என்று கூவுவதை இந்திப் படங்களில் கேட்டிருப்பீர்கள். அதே சொல்தான்.

18-ஆம் நூற்றாண்டில், ஆற்காடு நவாபுகளின் ஆட்சியில், அரசாங்க எழுத்து வேலை பாரசீகத்தில் நடந்தது. தாசில்தார், ஜமீன், சிபாரிசு எல்லாம் பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தவை. சொல்லின் முதலில் வரும் ஹகரம் நம் வாயில் நிற்காது. ஹல்வா அல்வா ஆனது மாதிரி, இதுவும் உஷார் ஆனது. இன்னும் இளகினால் உசார்.

(திரையில்: தென்னிந்திய வரைபடம்)

அக்கம்பக்கத்தில் இது எடுத்திருக்கும் வேஷங்களைப் பாருங்கள். மராத்தியில் ‘ஹுஷார்’ என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளை. தெலுங்கில் உற்சாகம். பெங்களூரில் ஒருவர் ‘ஹுஷாரில்ல’ என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் ‘உசார்’ என்பது தெம்பு, சுறுசுறுப்பு.

தமிழ்நாட்டில்? ‘பர்ஸ் உஷார்’ என்றால் எச்சரிக்கை. ‘ஆள் உஷார்’ என்றால் ஏமாற்ற முடியாதவர். அப்புறம் சென்னைப் பேச்சில் ‘உஷார் பண்ணிட்டான்’ என்று ஒன்று உண்டு. அடுத்தவர் பொருளை லவட்டினாலும் அதுதான், ஒரு பெண்ணின் மனதைப் பிடித்தாலும் அதுதான். பர்ஸைக் காத்த சொல் பர்ஸை எடுத்தவன் பக்கம் போய்விட்டது! இந்த மாற்றம் எனக்கு வியப்பு. ஆனால் பெண்ணையும் பர்ஸையும் ஒரே வினைச்சொல்லில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, யாரிடம் சொல்லலாம்? நண்பனிடம் தாராளமாக. பெரியவரின் முகத்துக்கு நேரே ‘நீங்க ரொம்ப உஷார்’ என்றால், ‘காரியக்காரர்’ என்று குத்துவதாகிவிடும். அங்கே ‘விவரமானவர்’ என்பதுதான் பொருந்தும்.

(காட்சி: மறுபடியும் தேங்காய்க் கடை)

காசை வாங்கும்போது அந்தக் கடைக்காரர் அம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா பாத்து எடுத்தீங்கக்கா."