மைக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண், உளவியலாளரான என்னைப் பார்க்க வந்தாள். உட்கார்ந்தவள் எதுவும் பேசவில்லை. கைப்பேசியை என் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள். ஒரு வீடியோவிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் அது. ‘உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதற்கான ஏழு அறிகுறிகள்’ என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. ஏ.டி.எச்.டி. என்றால் கவனம் நிலைக்காமல் போவது, அடக்க முடியாத துறுதுறுப்பு என்று சிறு வயதிலேயே தொடங்கும் ஒரு பிரச்சினை. சாவியை வைத்த இடம் மறந்துபோவது, தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது, எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் எங்கோ போய்விடுவது. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். ஏழில் ஆறு. “இது நான்தான் மேடம்” என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயம் இல்லை, நிம்மதி இருந்தது. இத்தனை நாளாகச் சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று பேர் வாங்கியவளுக்கு யாரோ வேறொரு பேர் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிம்மதியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீடியோ கண்ணில் படாவிட்டால் அவள் என் அறை வரைக்கும் வந்திருக்கவே மாட்டாள். என்னைப் போன்றவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ரீல்ஸிலும் பேசுவதால் கிடைக்கும் பெரிய பலன் இதுதான். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவர், தனியாக இருக்கும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, அந்த ஏழு அறிகுறிகளுக்கு வருவோம். அவற்றில் நாலைந்தாவது நமக்கும் பொருந்தும். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் பொருந்தும். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1949-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ‘இது உன் குணம்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான்; அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுவாய்’ என்கிற மாதிரி வரியைப் படித்துவிட்டு, இது நான் இல்லை என்று யார்தான் சொல்லப்போகிறார்கள்?

நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன். “இதெல்லாம் எப்போதிலிருந்து?” யோசித்துவிட்டு, “ஒன்றரை வருஷமாக” என்றாள். பள்ளியில் எப்படி? நன்றாகப் படித்திருக்கிறாள், எதையும் தொலைத்ததில்லை. ஏ.டி.எச்.டி. என்று சொல்ல வேண்டுமானால் அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும். இவள் வீட்டில் ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சாவு நடந்திருந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ‘எப்போதிலிருந்து’ என்ற ஒரு சொல்லுக்கு அந்த வீடியோவில் இடமே இல்லை.

2022-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், டிக்டாக்கில் மிகவும் பார்க்கப்பட்ட 100 ஏ.டி.எச்.டி. வீடியோக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 52 தவறான வழி காட்டுபவை. அவற்றில் பெரும்பாலானவற்றைப் போட்டவர்கள் மருத்துவத் துறையைச் சேராதவர்கள். துறையில் இருப்பவர்களின் வீடியோக்கள் அதைவிடத் தரமாகத்தான் இருந்தன. அதனால்தான், “உனக்கு எதற்கு இந்த ரீல்ஸ் வேலை” என்று கேட்கும் சக ஊழியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாம் ஒதுங்கி நின்றால் அந்த இடம் காலியாக இருக்கப்போவதில்லை.

ஆனால் போவதென்றால் எச்சரிக்கையோடு போக வேண்டும். ஒரு முறை பேட்டி ஒன்றில், “தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம்” என்று சொன்னேன். துணுக்காக வெட்டி வெளியிட்டபோது ‘தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி’ என்று வந்தது. தமிழில் எச்சரிக்கை எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. ‘ஆக இருக்கலாம்’ என்பதை நறுக்கிவிட்டால், சந்தேகமாகச் சொன்னது தீர்ப்பாகிவிடும். அந்தத் துணுக்கைப் பார்த்துவிட்டு, பரீட்சைக்காக நான்கு நாள் கண்விழித்த ஒரு பையன் தனக்கு மனச்சோர்வு வந்துவிட்டது என்று எனக்கு எழுதினான். அன்றிலிருந்து வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். “இரண்டு வாரத்துக்கு மேலாக, எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டிருந்தால்” என்று நிபந்தனையை முன்னாலேயே வைத்து, மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன். கத்தரி வைக்க இடம் கிடைக்கக் கூடாது. அப்புறம், வெளியிடுமுன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்றும் கேட்கிறேன். சிலர் காட்டுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பிரபலமான ஒரு தம்பதி பிரிந்தால் மறுநாள் காலையில் ஃபோன் வரும். “அவருடைய முகபாவத்தை வைத்து ஏதாவது சொல்லுங்களேன்.” சொல்ல மாட்டேன். 1964-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரைப் பற்றி ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பியது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் அவருக்கு அந்தப் பதவி வகிக்கும் மனத்தகுதி இல்லை என்றார்கள். அவரை உட்காரவைத்துப் பரிசோதிக்காமலே சொன்ன பதில்கள் அவை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு வென்றார். பத்திரிகை 75,000 டாலர் தண்டத் தொகை கட்ட வேண்டியதாயிற்று. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத பொது மனிதரைப் பற்றி, அவர் அனுமதியும் இல்லாமல், தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதியே எழுதியது. இன்று, தன்னையே பெரிதாக நினைப்பவர் என்று பொருள்படும் ‘நார்சிசிஸ்ட்’ என்ற சொல் அந்த விதியை ஒவ்வொரு நாளும் மிதித்துக்கொண்டு போகிறது. மாமியார், மேலாளர், பழைய காதலன் என்று யாரும் மிச்சமில்லை.

கவனமாகப் பேசினால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. வியன்னாவில் 1980-களின் நடுவில் சுரங்க ரயில் நிலையங்களில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பெரிய செய்தியாகப் போட்டன. மனநல வல்லுநர்கள் செய்தியாளர்களிடம் போய்ப் பேசி, எப்படி எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒரு வழிகாட்டி கொடுத்தார்கள். 1987-ன் நடுவில் செய்தி எழுதும் விதம் மாறியது. அந்த ஆண்டின் பிற்பாதியில் அங்கே நடந்த சம்பவங்கள் முக்கால்வாசி குறைந்துவிட்டன. திரைக்கு முன்னால் ஒருமுறைகூட வராமல் அவர்கள் செய்த வேலை அது. ஊடகத்தில் உளவியலாளரின் வேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

வானொலிக்கும் ஒருவர் இருக்கிறார். குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1943-ல் போர்க்காலத்தில் தொடங்கி, 1960-களின் தொடக்கம் வரை பி.பி.சி.யில் தாய்மார்களுக்காகப் பேசினார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று பட்டியல் போட அவர் விரும்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது என்ன, அது ஏன் குழந்தைக்கு நல்லது என்று விளக்கினார். கேட்கும் அம்மாவுக்குத் தன்மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதே அவருக்கு முக்கியம்.

இதை நினைத்துக்கொண்டுதான் ஒரு நேரலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். கடைசி அழைப்பில் ஒரு பெண். மெல்லிய குரல், பின்னால் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம். “அவரை விட்டுப் போய்விடலாமா, சொல்லுங்க” என்றார். கண்ணாடிக்கு அப்பாலிருந்த தயாரிப்பாளர் நான்கு விரல்களைக் காட்டினார்; செய்திக்கு இன்னும் 40 விநாடிகள். தைரியமாக முடிவெடுங்கள் என்று சொல்லியிருக்கலாம், கேட்க நன்றாக இருந்திருக்கும். “40 விநாடியில் நான் சொல்வது உங்களுக்கான பதிலாக இருக்காதும்மா. ஒன்று மட்டும் சொல்லுங்கள், இன்று ராத்திரி அந்த வீட்டில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா?” என்றேன். குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் தயாரிப்பாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அவர் உடனே அந்த அழைப்பை ஒலிபரப்பிலிருந்து எடுத்துவிட்டு, இணைப்பை மட்டும் துண்டிக்காமல் வைத்தார். செய்தி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் நின்றபடி அவரோடு 11 நிமிடங்கள் பேசினேன். மறுநாள் யாரிடம் போக வேண்டும், கையில் என்ன காகிதங்கள் இருக்க வேண்டும், அது வரைக்கும் யார் வீட்டில் இருக்கலாம் என்பதைத்தான் பேசினோம். அது எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை.

நன்றி, வணக்கம்.