சைக்கிளில் போனவருக்கும் இழப்பீடு உண்டு

வணக்கம் நேயர்களே. சைக்கிளில் போகிறவரை கார் இடித்துவிட்டால், "நம்மகிட்டதான் இன்சூரன்ஸே இல்லையே" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்களிடம் இருக்கவேண்டியதே இல்லை. இடித்த வண்டிக்குக் கட்டாயமாக எடுத்திருக்கவேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். எந்த கம்பெனி, எந்தத் தேதிவரை என்று காட்டும். அதை அப்போதே படமெடுத்து வையுங்கள்.

அடுத்து ஆஸ்பத்திரி. நிறைய வழக்குகள் சறுக்குவது இங்கேதான். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்பார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். பிறகு இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான்: "தானே விழுந்தவர், எங்கள் வண்டி மோதவில்லை." ஆகவே எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த நம்பர் வண்டி, பின்னாலா பக்கவாட்டிலா என்று சொல்லுங்கள். நம்பர் தெரியாதா? "கார் மோதியது" என்றாவது சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: "விழுந்தார்" அல்ல, "மோதியது".

ஓட்டுநர் "கேஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கறேன்" என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் எலும்புக்குத் தகடு வைத்தால், பின்னால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரலாம். அப்போது அவர் போன் எடுப்பாரா? 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எப்.ஐ.ஆர். போடுங்கள்.

சைக்கிளை உடனே ரிப்பேருக்கு விடவேண்டாம். வளைந்த ஃபோர்க், நசுங்கிய ரிம், முக்கியமாகப் பின்பக்க ரிஃப்ளெக்டர், எல்லாவற்றையும் படமெடுங்கள். ராத்திரி விபத்தென்றால் "வெளிச்சமே இல்லாமல் வந்தார்" என்று உங்கள் தலையிலும் பாதித் தவறைக் கட்டப் பார்ப்பார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும்; 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. நீங்கள் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். அசல் பில்கள், சம்பளக் கணக்கு, ஊனச் சான்று தேவைப்படும். இடித்த வண்டி நிற்காமல் ஓடிப்போய் அடையாளம் தெரியவில்லையென்றால், வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம்: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கும் எப்.ஐ.ஆர். நகல் கேட்பார்கள். நன்றி, வணக்கம்.