கூரை வளையில் கிடைத்த வேட்டைத் துவக்கு: திருத்துவதா, பேணுவதா?

[காட்சி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. பழைய ஓட்டு வீடொன்றின் கூரை பிரிக்கப்படுகிறது.]

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கமாக இருப்பதனால் படுவான்கரை என்று பெயர் பெற்ற நிலப்பரப்பில், போடியார் எனப்படும் பெருவயற்காரர் ஒருவரின் குடும்பத்தின் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றும்போது, கூரையைத் தாங்கும் வளைமரத்துக்கும் சுவருக்கும் இடையே பன்பாயில் சுற்றிக் கயிற்றால் கட்டப்பட்ட நீண்ட பொருளொன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாயின் ஒரு முனையைக் கறையான் அரித்துவிட்டது. அரித்த இடத்தில் கறுத்த இரும்புக் குழலின் வாய் தெரிகிறது. அப்பப்பாவின் வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, இது என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் அடையாளம் சொல்கிறார். இதைத் திருத்தி எடுக்கலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஒழுங்கில் விடை தேட வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் பொருள்.

முதலில் கையை எடுத்துவிடுங்கள். பல ஆண்டுகள் கூரையில் கிடந்த துவக்கில் தோட்டா இருக்காது என்று நினைப்பது பெரும் பிழை. காட்டுப் பன்றி வயலில் இறங்கும் இரவுகளில், தோட்டா போட்ட துவக்கை வயற்காவற் பரணிலிருந்து கொண்டுவந்து அப்படியே செருகி வைத்த வீடுகள் இருந்திருக்கலாம். குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதும், விசையை அழுத்திப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்தான செயல்கள். இடத்தை விட்டு நகர்த்தாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ 119 என்ற இலக்கத்துக்கோ அறிவிப்பதே சரியான முதல் வேலை. போர் நடந்த மண்ணில் வாழும் நமக்கு, பொலிஸாரிடம் துவக்கைப் பற்றிப் பேசுவதற்கு எழும் தயக்கம் எத்தகையது என்பதை நான் அறிவேன். ஆயினும் மறைத்து வைத்த துவக்கு பின்னர் வெளிப்படும்போது ஏற்படும் சிக்கல், இன்று நாமே சென்று சொல்வதனால் ஏற்படும் சிரமத்தைவிடப் பன்மடங்கு பெரியது. கிராம உத்தியோகத்தரையோ ஒரு சட்டத்தரணியையோ உடன் வைத்துக்கொண்டு அறிவிப்பது மனத்துக்குத் தைரியம் தரும்.

[காட்சி: மடித்து மடித்து நைந்துபோன ஓர் அனுமதிப்பத்திரம்.]

இலங்கையில் சுடுகலன்கள் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 1996 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது ஆளுக்கு வழங்கப்படுவதேயன்றி, வயலும் வளவும் போல முதுசமாகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஆகவே அப்பப்பாவின் பெயரிலுள்ள பழைய பத்திரம் உங்களுக்கு உரிமை தராது. இருந்தாலும் அதை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள இலக்கமும் துவக்கில் வெட்டப்பட்டிருக்கும் இலக்கமும் ஒத்துப்போனால், அது முறையாக வைத்திருந்த துவக்கு என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. நம் பகுதியில் அத்தகைய பத்திரங்களோடு மக்கள் போய்வந்த கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டைக்குள்ளேயே நெடுங்காலம் இயங்கியது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்திய பத்திரமானால், இன்று அம்பாறையில் இருக்கும் ஊரவர்களுடையதும் மட்டக்களப்புக் கச்சேரியின் பெயரையே தாங்கியிருக்கும்.

பொலிஸார் பரிசோதித்து ஆபத்தில்லை என்று உறுதிசெய்த பின்னரே, கிடைத்தது என்ன என்று பார்க்கும் வேளை வருகிறது. நம் ஊரில் எல்லாவற்றையும் துவக்கு என்றே சொல்கிறோம். ஆனால் அதற்குள் பல இனங்கள் உண்டு. வாய்ப்பக்கமாக வெடிமருந்து இடித்து நிரப்பும் இடியன் ஒன்று. வயற்காவலுக்குப் பலரும் வைத்திருந்த, ரவைகளைச் சிதறிச் செலுத்தும் சொட்கன் இன்னொன்று. அதன் பன்னிரண்டு போர் என்ற அளவு, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு, அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், என்பதைக் குறிக்கும். இவ்விரண்டினதும் குழலின் உட்புறம் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். றைபிளின் குழலுக்குள்ளோ திருகாணியின் புரிபோல வளைந்து செல்லும் தவாளிப்புகள் உண்டு. அவை ரவையைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. 1888 இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட பாயிண்ட் முன்னூற்று மூன்று (.303) அங்குல அளவு, அதாவது ஏறத்தாழ 7.7 மில்லிமீற்றர், என்பீல்ட் வகைக் குழல்களில் இடப்புறமாகச் சுழலும் ஐந்து தவாளிப்புகளைப் பொதுவாகக் காணலாம்.

[காட்சி: குழலின் அடிப்பகுதி மிக அண்மையில். கிரீடமும் எழுத்துகளும் கொண்ட சிறு முத்திரைகள்.]

இந்த இடத்தைச் சற்று நேரம் பாருங்கள். அரிசிமணியளவில் ஒரு கிரீடம், அதன்கீழ் இரண்டு எழுத்துகள். பிரித்தானியாவில் செய்த துவக்குகளின் குழல்கள், விற்பனைக்கு முன் அளவுக்கு மிஞ்சிய மருந்தினால் வெடிக்கவைத்துச் சோதிக்கப்பட்டன. தாங்கியவற்றுக்கே இம்முத்திரை கிடைத்தது. 1813 இல் நிறுவப்பட்ட பேர்மிங்ஹாம் சோதனைச்சாலையும் அதற்கு மிக முந்திய லண்டன் சோதனைச்சாலையும் தத்தமக்கென வேறுவேறு முத்திரைகளை வைத்திருந்தன. கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலையும், பின்னர் வந்த வலிய புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழலையும் பிரித்தறிய இவை உதவுகின்றன. அதாவது அந்தத் துவக்கின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. இதையே நம் வீட்டவர்கள் பெரும்பாலும் முதலில் அழித்துவிடுகிறார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிய பழக்கத்தில், இரும்பையும் புளியாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிட்டால், அமிலம் இரும்பை அரிக்கும். முத்திரையின் விளிம்புகள் கரையும். துவக்கு பளபளக்கும், ஆனால் அது எங்கே பிறந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

இனி, திருத்துவதா என்ற கேள்வி. திருத்துதல் என்பதற்கு மீண்டும் வெடிக்கச் செய்தல் என்று பொருள் கொண்டால், என் விடை வேண்டாம் என்பதே. கரிமருந்தின் எச்சமும் தோட்டாவின் அடியிலிருந்து மருந்துக்குத் தீமூட்டும் பழைய கேப்புகள் விட்டுச்செல்லும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளிருந்து தின்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் அண்மையிலுள்ள நம் ஊரின் காற்று அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. வெளியே நன்றாகத் தெரியும் குழலின் உள்ளே எவ்வளவு குழி விழுந்திருக்கிறது என்பதை வெறுங்கண்ணால் மதிப்பிட இயலாது. அத்துடன், எந்த வேட்டைக்காக அதைத் திருத்துவது? மானும் மரையும் யானையும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அப்பப்பாவின் தலைமுறை நடந்த காட்டின் ஒரு பகுதி, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாகிவிட்டது.

பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். சட்டவிரோதம் என்பதோடு, கைமாறிப்போகும் ஒரு குழல் காட்டோரத்தில் கட்டுத்துவக்காக, அதாவது கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும் பொறியாக, மாறக்கூடும். பன்றிக்கென்று கட்டிய கம்பியில் விறகுக்குப் போன மனிதனின் கால் படுவதும், யானைக் குட்டியின் கால் படுவதும் நம் மாவட்டங்கள் அறியாத துயரமல்ல.

ஆகவே நான் பரிந்துரைப்பது பேணுதல் மட்டுமே; அதுவும் அதிகாரிகள் எழுத்தில் அனுமதித்தால். அவர்கள் துவக்கை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால், இலக்கம் குறிப்பிட்ட பற்றுச்சீட்டொன்றைக் கேட்டுப் பெறுங்கள். ஒப்படைக்கும் முன் முத்திரைகளைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். வீட்டில் வைக்க அனுமதி கிடைத்தால், வெடிக்க முடியாதவாறு செய்யும் வேலையை அதற்கு உரிமம் பெற்றவரிடமே விட வேண்டும். அதன்பின் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். சிவந்து உதிரும் துருவை மட்டும் மெல்லிய இயந்திர எண்ணெய் தோய்த்த துணியால் பொறுமையாக எடுக்கலாம். கறுத்து இறுகிய மேற்படை இரும்பைக் காப்பது, அதைத் தொடக்கூடாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியையும் ஈரத்தையும் தேக்கிவைக்கும் என்பதனால் அதைத் தவிர்க்க வேண்டும். மரப்பிடிக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம். கன்னம் பட்டுப்பட்டு வழுவழுப்பான ஒரு பக்கமும், வியர்வையில் கறுத்த கைப்பிடி இடுக்கும், பேனாக்கத்தியால் கீறிய பெயரின் முதலெழுத்தும் அந்த மரத்தில் இருக்கின்றன. உப்புத்தாள் ஒருமுறை ஓடினால் அவை போய்விடும்.

[காட்சி: திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர். எதிரே ஒரு கொப்பி.]

துவக்கை அடையாளம் சொன்ன அந்த மூத்தவரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த வட்டையில் (வயல்வெளியில்) காவலிருந்தார்கள், துவக்கை யாரிடமிருந்து வாங்கினார்கள், எந்த ஆண்டில் அது கூரைக்கு ஏறியது, ஏன் ஏறியது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, பழைய அனுமதிப்பத்திரத்தோடும் முத்திரைகளின் படத்தோடும் ஒரே உறையில் வையுங்கள்.