தரையில் நடப்போம், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, மேலே ஏறியே தீருவோம் என்று அடம்பிடிக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'சின்னக் குழந்தைகளோடு ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு நாள் எளிதாக நடந்துவர நினைக்கும் குடும்பத்துக்கு ஏற்றது தரைவழியா, ரோப் காரில் ஏறிப் போகும் உயரத்து வழியா?' இதுதான் தலைப்பு. ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள் என்று சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருனன் பள்ளத்தாக்கை இரண்டு அணிக்கும் பொதுவாக வைத்தீர்கள். நாங்கள் தரைவழிக்காரர்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நம்மைப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் மென்லிஹன் மலைக்கு ரோப் காரில் ஏற்றி, அங்கிருந்து கிளைன ஷைடெக் என்ற கணவாய் வரை நடத்திக்கொண்டு போனார். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்களும் எதிரே அணிவகுத்து நிற்கும், மூச்சு வாங்கும் ஏற்றமே கிடையாது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். அவையே கை தட்டியது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஐகரின் வடமுகம் என்கிற அந்தச் செங்குத்துப் பாறைச் சுவர் எங்கள் தரைவழியிலிருந்து தெரியாது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து அடுத்து வருகிறவர் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டாம், பாருங்கள்.

ஆனால் நடக்கப் போவது யார்? ஏழு வயதுப் பெண், எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவள். நான்கு வயதுப் பையன், எல்லாவற்றுக்கும் நிற்கிறவன். குழந்தை வண்டியில் ஒன்று. முழங்கால் வலியை வெளியே சொல்லாத பாட்டி. இப்படி ஒரு கூட்டத்துக்கு வழி தேடும்போது நான் முதலில் கேட்பது காட்சி எப்படி என்றல்ல, ஏற்றம் எவ்வளவு என்றும் அல்ல. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நடையை முடித்துக்கொள்ள முடியுமா என்பதைத்தான். முடியும் என்றால் மற்ற எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ளலாம்.

எங்கள் வழியைச் சொல்கிறேன். லாட்டர்புருனன் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் உள்கோடியில் இருக்கும் ஷ்டெஹல்பெர்க் சுமார் 900 மீட்டர். இடையே ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அந்த நூறு மீட்டர் ஏற்றத்தைக்கூட நாங்கள் ஏறப் போவதில்லை. 141-ஆம் எண் பஸ்ஸில் முதலில் ஷ்டெஹல்பெர்க் போய் இறங்கிவிடுகிறோம். அங்கிருந்து லூட்ஷின ஆற்றின் போக்கிலேயே திரும்பி நடக்கிறோம். குழந்தை வண்டி உருளும் பாதை, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள், நடை முடிகிற இடத்தில் ரயில் நிலையம். அந்தப் பஸ் போகும் சாலையும் அதிக தூரம் விலகாமல் கூடவே வருகிறது. வழியில் நிறுத்தங்கள் உண்டு. பாட்டிக்கு முடியவில்லையா, அடுத்த நிறுத்தம். பையன் தூங்கிவிட்டானா, அடுத்த நிறுத்தம்.

'பாதியில் பஸ் ஏறினால் அது என்ன நடை?' என்று எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். ஐயா, குடும்பத்தோடு போனவர்கள் யாரும் இப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரக் கணக்குக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் கைகாட்டிகளில் பெரும்பாலும் தூரம் எழுதியிருக்காது, நேரம் எழுதியிருக்கும். சமதரையில் ஒருவர் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பார் என்பதை அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கு அது. ஏற்ற இறக்கத்துக்குத் தனியே கூட்டிக்கொள்வார்கள்; ஓய்வுக்கு ஒரு நிமிடம்கூடச் சேர்க்க மாட்டார்கள். நல்ல கணக்குதான், பெரியவர்களுக்கு. நான்கு வயதுக்காரனின் கணக்கு வேறு. பண்ணை வீட்டு ஓரம் மரத்தைக் குடைந்து செய்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். குழாயிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். அவன் கையை நீட்டுவான், குளிர் சுரீரென்று ஏறியதும் கத்திக்கொண்டு இழுத்துக்கொள்வான், மறுபடியும் நீட்டுவான். ஓர் இலையைப் பிடுங்கி மிதக்க விடுவான். அது மெல்ல நகர்ந்து மறுமுனைக்குப் போய் வழிந்து விழும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டான். பிறகு அடுத்த இலை. இதற்கு எந்தக் கைகாட்டியில் நேரம் போட்டிருக்கிறது? பலகையில் உள்ளதை இரண்டு மடங்காக்கி, அதற்கு மேல் சாப்பாட்டு நேரத்தையும் வைத்துக்கொண்டு புறப்படுவதுதான் குடும்பக் கணக்கு. மேலே போனால் கடைசி ரோப் கார், கடைசி ரயில் என்று கடிகாரம் கழுத்தைப் பிடிக்கும். மூன்றாவது இலையிலேயே பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

வானிலையைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். மென்லிஹன் ரோப் கார் நிலையம் 2,200 மீட்டருக்கு மேல். கீழே ஊரில் 20 டிகிரி என்று அரைக்கைச் சட்டையோடு கிளம்பினால் மேலே 11 டிகிரியில் நிற்பீர்கள். காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். கோடைக்காலத்தில் அங்கே இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். திறந்த மேட்டில், ஒதுங்க மரம்கூட இல்லாத பாதையில், குழந்தைகளை வைத்துக்கொண்டு இடி முழக்கத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். கிளைன ஷைடெக்கில் பல்சக்கர ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1893 முதலே ஓடுகிறது. ஆனால் வாகனம் வழியின் இரண்டு முனைகளிலும்தான். நடுவில் உங்களுக்குத் துணை உங்கள் கால்கள் மட்டுமே.

பருவத்தையும் பாருங்கள். மே மாதத்தில் மேலே பாதையே பனிக்குள் கிடக்கும்; ஜூன் தொடக்கத்திலும் எச்சம் இருக்கலாம். அதே வாரங்களில்தான் அந்தப் பனி உருகிக் கீழே அருவிகளாக நிறைந்து விழுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. ஊரை ஒட்டிய ஷ்டௌப்பாஹ் அருவி மட்டும் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து விழுகிறது. காற்று அடித்தால் பாதித் தண்ணீர் தரைக்கே வராது; புகைபோலப் பறந்து வந்து முகத்தில் படும். மழை குறைந்த இலையுதிர்காலத்தில் போனால் இழைபோல் மெலிந்திருக்கும். ஆகவே அருவிக்காகப் போகிறவர்கள் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் போய்விடுவது நல்லது.

எதிரணித் தலைவர் தொலைவிலிருந்து காட்டிய மூன்று சிகரங்களுக்கு வருகிறேன். அவற்றின் பனியாறுகளிலிருந்து வரும் நீர் எங்கே போகிறது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வழியின் ஏறக்குறைய நடுவில், ட்ரூமல்பாஹில், மலையின் வயிற்றுக்குள் பத்து அருவிகளாகக் கொட்டுகிறது! பெருக்கெடுக்கும் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே போனால் பாறை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அவர் பார்த்துவிட்டு வந்த ஐகரை நாங்கள் கேட்டுவிட்டு வருகிறோம், நடுவர் அவர்களே! அங்கும் முன்யோசனை வேண்டும். நான்கு வயது நிரம்பாத குழந்தைகளை உள்ளே விடுவதில்லை; ஈரமான படிக்கட்டுகளில் குழந்தை வண்டியும் ஏறாது. பெரியவர்கள் இரண்டு பிரிவாகப் போய் வர வேண்டியதுதான். யார் முதலில் என்பதை வாசலில் நின்று சண்டை போடாமல் பஸ்ஸிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கீழே ஒரே கூட்டம் என்றார். ஜூலை, ஆகஸ்டில் லாட்டர்புருனன் ஊர்த் தேவாலயத்துக்கும் ஷ்டௌப்பாஹ் அருவிக்கும் இடையே கூட்டம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் காலையில் சீக்கிரம் உள்கோடிக்குப் போய்விடுங்கள் என்கிறோம். பள்ளத்தாக்குக்குள் போகப் போகக் கூட்டம் கரையும்.

தரைவழியில் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. லூட்ஷின உருகிய பனிநீர். வேகமும் குளிரும் அதிகம். கரையோரத்தில் சின்னக் கையைப் பிடித்தபடிதான் நடக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது. பாதையின் குறியையும் பார்க்க வேண்டும்: வெறும் மஞ்சள் என்றால் எல்லாருக்குமான வழி, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் நிதானமான காலும் நல்ல காலணியும் கேட்கும் மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை கண்ணில் பட்டால் குடும்பத்தோடு வந்தவர்கள் அப்படியே திரும்பிவிட வேண்டும். மீட்பு ஹெலிகாப்டருக்கு அங்கே 1414 என்ற எண். பையில் மழைச் சட்டை, மாற்றுக் காலுறை, நினைத்ததைவிடக் கூடுதலாகத் தின்பண்டம். இவ்வளவுதான்.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. மென்லிஹனுக்கும் கிளைன ஷைடெக்குக்கும் நடுவில், வானம் கறுத்துக்கொண்டு வரும்போது, நான்கு வயதுப் பையன் பாதையிலேயே உட்கார்ந்து 'இனிமேல் ஓர் அடிகூட நடக்க மாட்டேன்' என்கிறான். அப்பாவின் தோளில் ஏற்கெனவே இன்னொன்று இருக்கிறது. பாட்டி உங்களைப் பார்க்கிறார். எந்த நிறுத்தத்தில், எந்தப் பஸ்ஸில் ஏற்றுவீர்கள்? அதை மட்டும் சொல்லிவிட்டு ஐகரின் அழகுக்குப் போங்கள்.