சைவ வீட்டுப் பூனை

நேயர்களுக்கு வணக்கம். பூனை வளர்ப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பூனை வைத்திருப்பவர்களிடம் பத்து நிமிடம் என்று கணக்குச் சொல்லக் கூடாது. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

முதலில் சாப்பாடு. பூனை என்றதும் நமக்கு ஒரு கிண்ணம் பால்தான் ஞாபகம் வருகிறது. குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செரித்த பூனை, வளர்ந்த பிறகு பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கிற சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஊற்றினால் ஆசையாகக் குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் வயிறு கலங்கும். தரையைக் கழுவ வேண்டியது நீங்கள். அதனால் பாலுக்குப் பதில் தண்ணீர் வையுங்கள். இந்தத் தண்ணீர் விஷயத்துக்கு மறுபடியும் வருவேன்.

பால் வேண்டாம் என்றால் அடுத்தது தயிர்சாதம் என்பார்கள். இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். முட்டைகூட நடை தாண்டாத சைவ வீடு. அந்த வீட்டுக்கு வெள்ளச்சி தானாக வந்து சேர்ந்தாள். நாங்கள் யாரும் போய்த் தூக்கி வரவில்லை. பின்கட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். எலித் தொல்லை குறையுமே என்று என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், சரி இருக்கட்டும் என்றார். தயிர்சாதமும் பாலும் போட்டார். சில மாதத்தில் முடியெல்லாம் மங்கிப்போய், எலும்பு தெரிய ஆரம்பித்தது. எலி? அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்தவுடன் கேட்டார்: "என்ன சாப்பாடு போடுறீங்க?" சொன்னேன். "அம்மா, மாட்டுக்குக் கறி போடுவீங்களா? மாட்டீங்கல்ல. அதே மாதிரி இதுக்குத் தயிர்சாதம் மட்டும் போட்டால் உடம்பு தாங்காது."

அவர் விளக்கியது இது. டாரின் என்று ஒரு சத்து. மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. நம் உடம்பும் நாயின் உடம்பும் அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு தயாரிக்க முடியாது. அது கிடைக்காமலே போனால் மெல்ல மெல்லக் கண் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் 1987-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கடையில் விற்கிற பூனை உணவில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாய்க்கு வாங்கிய தீவனத்தையே பூனைக்கும் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அப்போது எங்கள் பக்கம் பூனைத் தீவனப் பாக்கெட்டெல்லாம் சுலபமாகக் கிடைக்காது. மருத்துவர் மீன் என்று சொல்லிவிட்டார். அத்தையிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். "நம்ம வீட்டு அடுப்புல ஏறக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா உப்புப் போடாமல் சாளையை வேகவைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். கொல்லைப்புறத்தில் தனியாக ஓர் அலுமினியத் தட்டு. வெள்ளச்சி அங்கே சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சைவமாக உள்ளே வருவாள்.

ஒரு தடவை அந்தப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்விட்டார். நானும் வேலைக்குப் போய்விட்டேன். வெள்ளச்சி தட்டின் முன்னால் உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். அத்தை எவ்வளவு நேரம் தாங்குவார்? முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தெருமுனைக்குப் போய், சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரை நிறுத்தியிருக்கிறார். அவர் பதறிவிட்டாராம். "ஆச்சி, நீங்களா?"

"எனக்கு இல்லய்யா, வெள்ளச்சிக்கு."

"வெள்ளச்சி யாரு ஆச்சி, மருமகளா?"

இதை அந்த மீன்காரர் தெரு முழுக்கச் சொல்லி, சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், கொல்லையில் மூன்று செங்கல், மேலே ஒரு பழைய தகரப் போணி, அடியில் சாம்பல். அத்தை தலைக்குக் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மீன் வாங்குவது அத்தையின் வேலை ஆகிவிட்டது. ஆயுளில் மீன் தின்னாத மனுஷி, எட்ட நின்றபடியே, "இன்னைக்கு வேண்டாம்ய்யா, கண்ணு மங்கிக் கிடக்கு" என்று திருப்பி அனுப்புவார்!

கதையோடு ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன். மீன் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் அந்தத் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். கொஞ்சம் சோற்றில் அதையே ஊற்றிப் பிசையுங்கள். முள்ளை எடுத்துவிடுங்கள். மீன் மட்டுமே போடாமல் இடையிடையே கோழியும் கொடுங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைவு. எலியையோ பறவையையோ தின்றால் அதிலேயே நீர் இருக்கும். நாம் காய்ந்த தீவனம் மட்டும் போட்டு, தண்ணீரும் வைக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிவிடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். மலஜலம் கழிக்க நாம் வைத்திருக்கிற மண் பெட்டிக்குப் போய்ப் போய் உட்காரும், முக்கும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி.

பூனையோடு வாழ்வதில் எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரிவது இதுதான்: வலியைக் காட்டிக்கொள்ளாது. நாய் என்றால் நொண்டிக்கொண்டு உங்களிடம் வரும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வலியில்கூடக் குர்குர் என்று சத்தம் போடும், நாம் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்போம். தட்டில் மிச்சம் வைத்ததா, பெட்டியில் மண் நனைந்திருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அப்படி ஏதோ சரியில்லை என்று தெரிந்தாலும் நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூடக் கொன்றுவிடும். இதை மறுபடியும் சொல்கிறேன், பாராசிட்டமால் கூடாது.

சோபாவைப் பிறாண்டுவது, விடிவதற்கு முன்னால் முகத்தில் கால் வைத்து எழுப்புவதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். விடியலும் அந்தியும் அது வேட்டையாடுகிற நேரம். சணல் கயிறு சுற்றிய கட்டை ஒன்று வைத்தால் சோபா ஓரளவு தப்பும். உங்கள் தூக்கத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சரி, இவ்வளவையும் தாங்கிக்கொண்டு என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களுக்காகவே. வெள்ளச்சி என்னிடம் ஒரு மாதிரி கத்துவாள், அத்தையிடம் வேறு மாதிரி. வாலை நட்டுக்குத்தலாக நிறுத்திக்கொண்டு வாசலுக்கு வருவாள், அது பூனையின் வணக்கம். யாருக்கும் அடங்காத ஒன்று தன் இஷ்டத்துக்கு உங்கள் மடியில் வந்து படுக்கிறது பாருங்கள், எனக்கு அது போதும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டையும் தடுப்பூசியையும் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், இரண்டே மாதத்தில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். அதனால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதும் தடுப்பூசிக்குக் கொண்டு போங்கள், வெறிநோய்க்கான ஊசியை எப்போது போட வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கான வெறிநோய் ஊசி இலவசம். வணக்கம்.