கொறங்காடு கற்பிக்கும் கல்வி

அவையோர்க்கு வணக்கம்.

1835இல் மெக்காலே ஆங்கிலவழி மேலைக்கல்வியை வலியுறுத்தித் தம் கல்விக் குறிப்பை எழுதுவதற்கு முன்பே இந்நாட்டில் கல்வி இருந்தது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் பதிவு செய்தார். நம் கோயமுத்தூர் மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளும் அக்கணக்கில் அடங்கும். ஆயினும் அத்திண்ணைகளில் ஏற விடாமல் தடுக்கப்பட்டோர் பலர். அதை மறைத்துப் பழமையைப் போற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே, எழுத்தறியாதவர்களும் கற்றுக் கற்பித்து வந்த கல்வியைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் உள்ள கொறங்காடுகளை, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களை, அனைவரும் அறிவீர்கள். மழை குறைந்த அம்மண்ணில், கிளுவை மரத்தின் போத்துகளை (வெட்டிய கிளைகளை) ஊன்றி உயிர்வேலி வளர்த்து, காட்டைப் பல பிரிவுகளாகத் தடுத்து, ஒரு பிரிவில் கொழுக்கட்டைப் புல் அடியோடு தீர்வதற்குள் மாடுகளை அடுத்த பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் புல் காய்ந்த பின் வெள்வேல மரத்துக் காய்களே தீனி. அக்காய்களைத் தின்ற ஆடு மாடுகளின் புழுக்கையிலும் சாணத்திலும் வெளிவரும் விதைகள் மழை கண்டதும் முளைக்கின்றன. மேய்ச்சலே மரத்தைப் பெருக்குகிறது. இந்த நுட்பத்தை எந்த ஏட்டிலும் படிக்காமல், தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டும் கையால் செய்தும் காத்து வந்தவர்கள் நம் மேய்ப்பர்கள்.

அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துத்தான், “படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்” என்று வகுப்பறையில் சொல்கிறோம். செந்நிறமாகப் பிறக்கும் காங்கயம் இனக் கன்று ஆறு மாதமளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை நாளும் பார்த்து வளரும் பிள்ளை, தான் அறிந்தது அறிவே அன்று என்று நம்பத் தொடங்குகிறது. மேலைக்கல்வி செய்த கேடுகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

இக்கல்வியில் பக்தி தனிப்பாடம் அன்று. மாட்டுப் பொங்கலன்று பட்டியில் சிறு தெப்பக்குளம் கட்டி, “பட்டி பெருக, பால் பானை பொங்க” என்று குரல் கொடுத்துச் சுற்றி வரும்போது, ஆநிரையின் நலத்தில்தான் குடும்பத்தின் நலம் இருக்கிறது என்பதைக் குழந்தை வழிபாடாகவே கற்றுக்கொள்கிறது. ஒரு பிரிவுப் புல்லை முற்றாக மேயவிடாத கட்டுப்பாடும் அந்த உணர்விலிருந்தே வருகிறது.

பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. காங்கயம் வட்டாரப் பள்ளிகளில் கொறங்காடு ஒரு பாடமாக வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் அங்கே சென்று பயில வேண்டும். கற்பிக்கும் மேய்ப்பருக்கு, அவர் ஆணாயினும் பெண்ணாயினும், பட்டம் கேட்காமல் ஆசிரியருக்குரிய ஊதியத்தை வழங்க வேண்டும்.