சென்சார் வாய் திறக்காவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். காகிதமும் பேனாவும் கையோடு இருக்கட்டும். நிறைய எண்கள் வரும். வானொலியில் படம் போட்டுக் காட்ட வழியில்லை.

சென்சாரைக் கணினியோடு இணைத்த பிறகும் அது பேசாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு பக்கம் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, சுருக்கமாகப் பை. மறுபக்கம் எம்எச்-இசட்19பி என்ற கார்பன் டை ஆக்சைடு சென்சார். நடுவே நான்கு கம்பி. பையில் கம்பி மாட்டும் முள்ளுக்குப் பின் என்று பெயர். பின் 2 என்பது 5 வோல்ட், பின் 6 கிரவுண்ட். பின் 8 டிஎக்ஸ், அதாவது தகவல் அனுப்பும் வாய். பின் 10 ஆர்எக்ஸ், அது காது. இதன் வாய் அதன் காதுக்குப் போக வேண்டும். வாயோடு வாயைக் கட்டிவிட்டு மணிக்கணக்கில் புரோகிராமைத் திட்டுபவர்கள்தான் அதிகம். கம்பியின் நிறத்தையும் நம்பாதீர்கள். சென்சாரில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் ஒரு பைட், அதாவது ஒரு துண்டுத் தகவல்கூட வரவில்லையா? முதலில் சென்சாரைக் கழற்றுங்கள். பின் 8, பின் 10 இரண்டையும் ஒரே ஜம்பர் கம்பியால் இணையுங்கள். மினிகாம் என்ற புரோகிராமில் சீரியல்0 போர்ட்டை, அதாவது இந்த இரண்டு பின்களின் வழியை, 9600 வேகத்தில் திறந்து, ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை அணைத்துவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிந்தால் பை மீது குற்றமில்லை. கம்பியைப் பிடுங்கியதும் எழுத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காவிட்டால், தட்டியதைத் தானே திரையில் காட்டும் லோக்கல் எக்கோ உங்களை ஏமாற்றுகிறது.

எழுத்தே வராவிட்டால் கோளாறு பைக்குள்தான். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் இன்டர்ஃபேஸ் ஆப்ஷன்ஸ், அதில் சீரியல் போர்ட். லாகின் ஷெல், அதாவது இந்த வழியாகக் கட்டளை வாங்கும் புரோகிராம் வேண்டுமா என்றால் 'இல்லை'. ஹார்டுவேர் வேண்டுமா என்றால் 'ஆம்'. பிறகு ரீபூட். ஷெல்லை விட்டுவைத்தால் சென்சார் அனுப்பும் பைட்டுகளை அதுவே பறித்துக்கொள்ளும். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை, போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

பைட்டுகளை அனுப்பி வாங்கும் சுற்றுக்கு யூஆர்ட் என்று பெயர். பை 4-இல் நல்ல யூஆர்ட்டை ப்ளூடூத் எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது மினி யூஆர்ட். இந்தச் சென்சாருக்கு அது போதும். பாரிட்டி, அதாவது பிழை கண்டுபிடிக்கும் கூடுதல் பிட் கேட்கும், மோட்பஸ் முறையில் பேசும் சென்சார் என்றால் போதாது, ஏனென்றால் மினி யூஆர்ட்டுக்குப் பாரிட்டியே கிடையாது. அப்போது ப்ளூடூத்தை அணைத்து நல்லதை மீட்கலாம்.

இன்னொரு ஆபத்து வோல்டேஜ். எம்எச்-இசட்19பி-க்கு மின்சாரம் 5 வோல்ட் என்றாலும் சிக்னல் 3.3 வோல்ட்தான், நேராக இணைக்கலாம். சிக்னலையே 5 வோல்ட்டில் அனுப்பும் சென்சார்களும் உண்டு. பையின் பின் அதைத் தாங்காது. சென்சாரின் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பின் 10-க்கு வந்து, அங்கிருந்து 2 கிலோ ஓம் கிரவுண்டுக்குப் போகட்டும். 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 ஆகிவிடும்.

பை தேறிவிட்டது, சென்சார் மட்டும் பேசவில்லை என்றால் அது கேள்வி கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம் என்பதை நினைவில் வையுங்கள். கேள்வி 9 பைட். ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்ணில், எஃப்எஃப், 01, 86, ஐந்து பூஜ்ஜிய பைட்டுகள், கடைசியில் 79. இதை எழுத்துச் சரமாக அனுப்பினால் 18 எழுத்துகள் போகும், சென்சார் கண்டுகொள்ளாது. பைட்டுகளாகவே அனுப்புங்கள்.

பதிலும் 9 பைட். எஃப்எஃப், 86 என்று தொடங்காவிட்டால் பழைய பைட்டுகள் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில் தங்கியிருக்கின்றன; கேள்விக்கு முன் அதைக் காலி செய்யுங்கள். மூன்றாவது பைட்டை 256-ஆல் பெருக்கி நான்காவதைக் கூட்டினால் பிபிஎம் அளவு, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு கார்பன் டை ஆக்சைடு என்பது. மின்சாரம் கொடுத்த முதல் 3 நிமிடம் சென்சார் சூடேறும் நேரம். அப்போது வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.